கண் மங்கிய காமிரா

மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு பக்கத்து வீடுகளில் பீரோவின் மேல்தட்டைத் துழாவினால் ஒரு பழைய காமிரா அகப்படாமல் போகாது. சீமந்தம், காது குத்தல், திருப்பதி யாத்திரை எல்லாவற்றையும் படம் பிடித்த காமிரா! இப்போது காலேஜில் படிக்கும் பேத்தி அதை இறக்கிக் கண்ணில் வைத்துப் பார்க்கிறாள். உள்ளே பளிச்சென்று எரிய வேண்டிய சிவப்புப் புள்ளி, எண்ணெய் வற்றிய அகல் மாதிரி மங்கிக் கிடக்கிறது. "எடைக்குப் போடவேண்டியதுதான்" என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள், அம்மணி! அந்தப் புள்ளிக்குப் பெயர் லைட் மீட்டர். பிலிமுக்குப் போதுமான வெளிச்சம் விழுகிறதா என்று சொல்லும் கணக்குப்பிள்ளை அது. 1977-ல் வந்த நிக்கான் எஃப்.எம். காமிராவில் கூட்டல், பூஜ்யம், கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள். 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே 1000-ல் விளக்குக்குப் பதில் ஊசி.

முதலில், நிஜமாகவே மங்கல்தானா என்று பாருங்கள். மெரினா மணலில் உச்சி வெயிலில் நின்றுகொண்டு பார்த்தால் எந்தச் சிவப்பு விளக்கும் சோகைதான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கூடத்தில் பாருங்கள். அங்கே நன்றாக எரிந்தால் காமிராவுக்கு ஒரு நோயும் இல்லை. எஃப்.எம். காமிராவில் பிலிம் நகர்த்தும் பிடியைச் சற்று வெளியே இழுத்தால்தான் மீட்டர் கண் விழிக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கூடத்திலும் மங்கல் என்றால் பாட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். காமிராவின் அடிப்பக்கத்தில் காலணா அளவு மூடி ஒன்று இருக்கும். நாணயத்தால் திருகினால் கழன்று வரும். உள்ளே இருப்பவை சட்டைப் பொத்தான் போன்ற பாட்டரிகள். கடைக்காரர் எல்.ஆர். 44 என்பதை எடுத்து நீட்டுவார். விலை மலிவு, ஆனால் அதன் சக்தி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். அதே அளவில் எஸ்.ஆர். 44 என்று சில்வர் ஆக்ஸைட் பாட்டரி உண்டு. அது கடைசி வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டிலேயே நின்று, பிறகு சட்டென்று ஓய்ந்துவிடும். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பழைய பாட்டரியைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடாதீர்கள். தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டைக்குள் புண்ணாக்கிவிடும். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

புதுப் பாட்டரிக்கும் மசியவில்லையா? பாட்டரி உட்காரும் குழியைப் பாருங்கள். கடல் காற்றும் புழுக்கமும் உள்ள ஊர் நம்முடையது. பாட்டரி கசிந்து வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். பித்தளைப் பாத்திரம் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரே ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். லேசான கறைதான் என்றால் பள்ளிக்கூடத்து ரப்பரே போதும். மூடியின் உட்புறத்தையும் விடக்கூடாது. முக்கால்வாசிக் காமிராக்கள் இந்த இடத்திலேயே பிழைத்து எழுந்துவிடும்.

இன்னும் பழைய காமிராக்களில் பாதரசப் பாட்டரி போடுவார்கள்; 1.35 வோல்ட். பாதரசம் விஷம் என்று உலகமெங்கும் அதை நிறுத்திவிட்டார்கள். 1.5 வோல்ட் பாட்டரியைப் போட்டால் சில காமிராக்களில் ஊசி அளவுக்கு மீறி எழும்பும். அதை நம்பி எடுத்த படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 நம்பர் பாட்டரி ஏறத்தாழ 1.4 வோல்ட். தாத்தாவின் காதுக்கு வாங்கியதில் ஒன்று காமிராவுக்கும் உதவும். குழி பெரிதாக இருந்தால் ஒரு வளையம் வேண்டியிருக்கும். லென்ஸைச் சுற்றியோ அதற்கு மேலோ தேன்கூடு மாதிரிக் கண்ணாடி இருந்தால் அது செலீனியம் மீட்டர். அதற்குப் பாட்டரியே கிடையாது. அது கிழடு தட்டிவிட்டால் வீட்டு வைத்தியம் பலிக்காது.

துடைத்தும் மங்கல் தீராவிட்டால் உள்ளே கம்பி அரித்திருக்கலாம். ரிப்பேர்க்காரரிடம் கூலியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பேத்தி சும்மா இருக்க வேண்டியதில்லை. நான் சொன்ன நிக்கானும் பென்டாக்ஸும் பாட்டரியே இல்லாமல் படம் எடுக்கும். ஊட்டியில் 'இந்து' பிலிம் தயாரான காலம் போய்விட்டது. இன்று வாங்கும் சுருளை வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஆகையால் ஒரு கணக்கு: 100 வேகமுள்ள பிலிம், 125-ல் ஒரு வினாடி, நல்ல வெயில் என்றால் துவாரம் 16. கபாலீசுவரர் கோயில் குளக்கரைக்கு இது சரி. பெசன்ட் நகர் மணலில் 22. மேகம் மூடினால் 8. வாசல் நிழலில் கோலம் போடும் அம்மாவை எடுக்க 4.

படம் எடுத்து முடிந்து காமிராவைத் திரும்ப பீரோவில் ஏற்றும்போது மட்டும், பாட்டரியைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள்.