அச்சத்தால் தாளம் கற்க முடியுமா?

டேமியன் ஷசெல் இயக்கிய 'விப்லாஷ்' திரைப்படத்தை அண்மையில் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். 2014 இல் வெளிவந்து, மறுவருடம் மூன்று ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற படம் அது. முதற்தடவை பார்த்தபோது ஏற்பட்ட பரவசம் இம்முறை ஏற்படவில்லை. மாறாக, ஒரு கேள்வியே மனதில் எஞ்சியது. ஒரு கலையின் மிகக் கடினமான பகுதியை மனிதர்கள் உண்மையில் இப்படித்தான் கற்கிறார்களா?

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க்கில் உள்ள கற்பனையான இசைக் கல்லூரி ஒன்றில் அன்ட்ரூ என்ற இளைஞன் ட்ரம்ஸ் கற்கிறான். கல்லூரியின் ஜாஸ் வாத்தியக் குழுவை நடத்தும் ஆசிரியர் பிளெச்சர், கதிரையைத் தூக்கி எறிபவர். கன்னத்தில் அறைந்தபடியே நீ தாளத்தை முந்துகிறாயா பிந்துகிறாயா என்று கேட்பவர். 'கரவான்' என்ற பாடலின் வேகமான ட்ரம்ஸ் பகுதிக்காக மூன்று மாணவர்களை நள்ளிரவு கடந்தும் மாறி மாறி அடிக்க வைக்கிறார். அன்ட்ரூவின் விரல்கள் கிழிந்து இரத்தம் கசிகிறது. அவன் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்திவிட்டு மீண்டும் அடிக்கிறான். இறுதிக் காட்சியில் அவன் வெற்றி பெறும்போது திரையரங்கம் கைதட்டுகிறது. நானும் ஒருகாலத்தில் கைதட்டியவனே.

இந்தக் கைதட்டலில்தான் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை. அதற்கான காரணம் அந்த இசைக்குள்ளேயே இருக்கிறது.

'பிக் பாண்ட்' எனப்படும் பெரிய ஜாஸ் குழுவில் வழமையாக 17 பேர் அளவில் இருப்பார்கள். ஐந்து சக்ஸபோன், நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ரொம்போன். இவற்றோடு பியானோ, கிற்றார், பாஸ், ட்ரம்ஸ். வேகமான உருப்படி ஒன்று நிமிடத்திற்கு 300 தட்டுகள் என்ற கதியில் செல்வதாக வைத்துக்கொள்வோம். அது செக்கனுக்கு ஐந்து தட்டு. ட்ரம்ஸ் கலைஞரின் வலது கை பெரிய சிம்பல் தட்டில் இடைவிடாது வாசிக்கும் அடிப்படைக் கோலத்தில், நான்கு தட்டுக்கு ஆறு அடிகள் விழும். கணக்குப் பார்த்தால் நிமிடத்திற்கு 450 அடிகள். ஐந்து நிமிட உருப்படிக்கு 2,250 அடிகள். இவை ஒரு கைக்கு மட்டும் உரியவை. இடது காலோ இரண்டாவது, நான்காவது தட்டுகளில் 'ஹை-ஹற்' எனப்படும் இரட்டைத் தட்டை மிதித்து மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவு அடிகளையும் தசை வலிமையால் அடிக்க எவராலும் இயலாது. குச்சி தோலிலோ தட்டிலோ பட்டுத் தானாகவே மேலெழுகிறது. அந்த எழுச்சியைத் தடுக்காமல் விரல்களால் வாங்கிக்கொள்வதே வேகத்தின் இரகசியம். பிடி இறுகினால் எழுச்சி செத்துவிடும், முன்கை விறைக்கும், வேகம் குறையும். அச்சம் மனிதனுக்கு முதலில் செய்வது பிடியை இறுக்குவதுதான். படத்தில் வீரத்தின் அடையாளமாகக் காட்டப்படும் அந்த இரத்தம், உண்மையில் குச்சியைத் தவறாகப் பிடித்ததன் அடையாளம். பிளெச்சரோ படம் முழுவதிலும், குச்சியை இப்படிப் பிடி என்று ஒரு தடவையாவது காட்டிக்கொடுப்பதில்லை. பிழை என்று மட்டும் சொல்கிறார்.

கை வேகம் கடினத்தின் ஒரு பாதி மட்டுமே. பிக் பாண்ட் ட்ரம்ஸ் கலைஞருக்கு முன்னால் வைக்கப்படும் இசைத்தாளில் அவர் அடிக்க வேண்டியவை முழுமையாக எழுதப்பட்டிருப்பதில்லை. பல இடங்களில் வெறும் சாய்கோடுகளே இருக்கும். அவற்றின் மேல், ட்ரம்பெட்டும் ட்ரொம்போனும் எந்த இடத்தில் ஒருமித்து ஒலிக்கும் என்ற குறிப்பு சிறிய எழுத்தில் காணப்படும். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னரே ஓர் அடியாலோ ஓர் அடித்தொகுதியாலோ அதற்குக் கதவு திறந்துவிடுவது அவருடைய வேலை. ஊதுபவர்கள் அதைக் கேட்டே மூச்செடுத்து நுழைகிறார்கள். ஆகவே அவர் தன் பகுதியைக் கற்பதற்கு முன் மற்றவர்களின் பகுதியைக் கற்க வேண்டும். ட்ரம்பெட் வரிகளை வாயால் பாடிப் பழகிய பின்னர்தான் குச்சியை எடுக்க வேண்டும்.

பின்னர் மெட்ரோனோம் கருவியைப் பாதி வேகத்தில் வைத்து, பிடி தளர்ந்தபடி இருக்க, பிழையின்றி அடிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அதன் பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கை விறைக்கும் இடம் வந்தால் மீண்டும் இறங்க வேண்டும். பெருவேகத்தை எட்டியதும் கருவியை ஒவ்வொரு தட்டுக்கும் ஒலிக்க விடாமல், நான்கு தட்டுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்க விட்டு, இடைவெளியைத் தானே நிரப்பப் பழக வேண்டும். இது மாதக்கணக்கான, சலிப்பூட்டும் வேலை. திரைப்படத்தில் காட்டினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

கோயில் வீதிகளில் தவில் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. சொற்கட்டை வாயால் சொல்லி, முதற்காலத்தில் உறுதியாக்கிய பின்னரே மேற்காலத்துக்குப் போகும் முறை நம்மிடம் உண்டு. படத்தின் தலைப்புக்குரிய இசையான 'விப்லாஷ்' ஹாங்க் லெவி இயற்றியது. ஏழு எண்ணிக்கையில் சுழல்வது. அதை 1973 இல் இசைத்தட்டில் வெளியிட்ட டொன் எலிஸ், 1960களில் கலிபோர்னியாவில் ஹரிஹர ராவ் என்ற இந்தியக் கலைஞரிடம் தாளம் பயின்றவர். பிளெச்சரின் வகுப்பறையில் அடி வாங்கிக் கற்கப்படும் அந்த இசையின் பின்னணியில், பொறுமையாக எண்ணக் கற்றுக்கொடுத்த ஒரு குருவும் இருக்கிறார்.

பிளெச்சர் தன் முறைக்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லும் கதை, இளைஞரான சார்லி பார்க்கர் பிழையாக வாசித்தபோது ஜோ ஜோன்ஸ் அவர் தலையைக் குறிவைத்து ஒரு சிம்பலை எறிந்தார் என்பது. அந்த அவமானமே பார்க்கரை மேதையாக்கியது என்பது அவர் வாதம். 1936 இல் கன்சாஸ் சிற்றியில் நடந்ததாக அறியப்படுவது வேறு. சிம்பல் எறியப்பட்டது பார்க்கரின் காலடியில். வாசிப்பை நிறுத்து என்பதற்கான கேலிச் சைகை அது. அடுத்த வருடக் கோடையில் அவர் ஒரு குழுவோடு ஓசார்க் மலைப்பகுதிக்குச் சென்றார். அங்கே லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். உடனிருந்த கலைஞர்களிடம் சுர இணைவுகளைக் கற்றார். மூன்று, நான்கு வருடங்கள் நாளுக்கு 11 முதல் 15 மணிநேரம் பயிற்சி செய்ததாக அவரே 1954 இல் வானொலி உரையாடல் ஒன்றில் கூறியிருக்கிறார். சிம்பல் எறிந்தது ஒரு கணம், கற்றது வருடங்கள். பிளெச்சர் கணத்தை வைத்துக்கொண்டு வருடங்களை மறைத்துவிடுகிறார்.

அன்ட்ரூவின் ஆதர்சம் பட்டி ரிச். வாத்தியக் குழுவினரைப் பேருந்தில் அவர் வசைபாடிய ஒலிப்பதிவுகள் பிரசித்தமானவை. ஆனால் அவர் கற்ற முறையைப் பாருங்கள். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாத அவர், புதிய உருப்படியை இன்னொருவரை அடிக்கச் சொல்லிவிட்டு அமர்ந்து கேட்பார். பின்னர் தானே அடிப்பார். அவரை உருவாக்கியது காது. வாய் அல்ல.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். கண்டிப்பு வேண்டும். 300 என்றால் 300 தான், 290 போதாது. மாணவனிடம் அதைச் சொல்லாத ஆசிரியர் அவனை ஏமாற்றுகிறார். நன்று என்ற சொல்லே கெடுதியானது என்று பிளெச்சர் சொல்வதில், தகுதியற்ற பாராட்டுத் தீங்கு செய்யும் என்ற அளவில் உண்மை உண்டு. ஆனால் வேலையைக் கண்டிப்பது வேறு, ஆளைச் சிதைப்பது வேறு.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு மூத்தவர்களின் கீழ் வேலை செய்தேன். ஒருவர் என் பிரதியை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துக் குப்பைக்கூடையில் போடுவார். மற்றவர் அருகில் இருத்தி, சத்தமாக வாசி என்பார். தடக்கும் இடத்தில் பேனாவால் கோடிடுவார். திருப்தி வரும்வரை நான்கு தடவைகள் எழுத வைப்பார். இருவரில் அதிகம் கேட்டவர் இரண்டாமவரே. முதலாமவரிடம் நான் கற்றது, அவர் கண்ணில் படாமல் எழுதுவது எப்படி என்பதை மட்டும். பல வருடங்கள் என் வாக்கியங்கள் பயந்து பயந்தே நடந்தன.

பிளெச்சரின் முன்னாள் மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டதும், அதை அவர் விபத்து என்று சொல்லி மறைத்ததும் அதே படத்தில்தான் வருகின்றன. இறுதிக் கைதட்டலில் நாம் அந்த மாணவனை மறந்துவிடுகிறோம். வென்றவனை வைத்து முறையை நியாயப்படுத்தும்போது, முறையால் அழிந்தவர்கள் கணக்கில் சேர்வதில்லை. பிள்ளைகளைப் போட்டிகளுக்கும் பரீட்சைகளுக்கும் தயார்ப்படுத்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

படத்தைப் பாருங்கள், அதன் இசை அற்புதமானது. பார்த்து முடித்ததும், அந்த வேகத்தின் பின்னால் பாதி வேகத்தில் கழிந்த மாதங்கள் இருக்கின்றன என்பதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குச்சியைத் தளர்வாகப் பிடிக்கவும் சொல்லுங்கள்.