காபிப் பொட்டலமும் கடைமடைக் காவிரியும்

காபிச் செடி ஒன்றுகூட வளராத காரைக்காலில் இருந்துகொண்டு, நெல்லை விட்டுவிட்டு காபியைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

அடுத்த முறை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும்போது காபி வைத்திருக்கும் அடுக்கின் முன் சற்று நின்று பாருங்கள். இன்ஸ்டன்ட் காபி பாட்டில்கள், சிறு பாக்கெட்டுகள், ஃபில்டர் காபித்தூள் பொட்டலங்கள் என்று அடுக்கு நிறைந்திருக்கும். வறுத்த காபிக்கொட்டை இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு மூலையில் ஒன்றிரண்டு பாக்கெட்டுகள்தான்.

இப்போது ஒரு பொட்டலத்தைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். காபி - சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், விகிதத்தைப் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதாவது, பாதிக்குச் சற்று மேல் காபி இருந்தாலே அது சட்டப்படி சரியான பொட்டலம்தான்.

சிக்கரி நஞ்சு அல்ல. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் கிழங்கு வேர் அது. அதைக் காயவைத்து, வறுத்து, பொடிக்கிறார்கள். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், நெப்போலியன் காலத்து வணிகத் தடையால் காபி வரத்துக் குறைந்தபோது, சிக்கரிதான் பெருமளவில் கைகொடுத்தது. டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கெட்டித்தன்மையும் வேண்டும் என்பவர்கள் சிக்கரி சேர்த்துக் குடிக்கட்டும். அது அவரவர் ருசி. ஆனால், காபி என்று நினைத்துக் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு காபிக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 6 கிலோ காபிப் பழத்திலிருந்து 1 கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். அதை வறுத்தால் எடை 15 முதல் 20 சதவீதம் வரை குறையும். ஆகவே, கால் கிலோ கலப்பில்லாத காபித்தூளுக்கு 1,800 கிராம் அளவுக்குப் பழம் பறிக்க வேண்டும். 51 சதவீதக் கலவை என்றால் 900 கிராம் பழமே போதும். மீதிப் பழத்துக்கான சந்தையை விவசாயி இழக்கிறார். இந்தியாவில் காபி பயிரிடுவோரில் மிகப் பெரும்பான்மையினர் 10 எக்டேருக்கும் குறைவாக நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். ஏற்காடு, தாண்டிக்குடி, நீலகிரி மலைகளில் நம் தமிழ் விவசாயிகளும் அவர்களில் அடக்கம்.

இதில் காரைக்காலுக்கு என்ன அக்கறை? அரசலாற்றில் வரும் தண்ணீரைக் கேளுங்கள். காவிரி பிறப்பது குடகில். கர்நாடகத்தின் முதன்மையான காபி மாவட்டமும் அதுதான். அங்கே காபிச் செடிகள் வெட்டவெளியில் இல்லை, பெரிய மரங்களின் நிழலில் வளர்கின்றன. மரக்கிளைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. உதிர்ந்த இலைகள் தண்ணீரை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்குகின்றன. காபி கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி மரத்தை வெட்டி விற்பார், அல்லது நிலத்தை மனைக்கோ விடுதிக்கோ கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த நிழல் போனால் ஆற்றின் தலைமாட்டில் மண் அரிக்கும். காவிரித் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சியை நம்பிச் சம்பா நடும் கடைமடைக்காரர்களுக்கு, தலைமடையில் மரம் நிற்பது சொந்த விஷயம்.

1990களின் நடுப்பகுதி வரை, விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே விவசாயி கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு, விரும்பியவருக்கு விற்கும் உரிமை வந்தது. 2019இல் குடகு அராபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, அரக்கு அராபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டுக் காபி ஒன்றுகூட இல்லை. விற்கும் உரிமையும் குறியீடும் வந்த பின்னும், நம் ஊர்க் கடையின் பொட்டலத்தில் எந்த மலையின் காபி என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சீரகச் சம்பா என்று பெயர் சொல்லி அரிசி வாங்கும் நாம், காபியைப் பெயர் கேட்காமலே வாங்குகிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, விலையைப் பார்க்குமுன் சதவீதத்தைப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை ஒரு பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. இப்படிக் காபி விலை ஏறும் காலங்களில், வழக்கமாக வாங்கும் பொட்டலத்தின் விகிதத்தையும் மறுபடி படிப்பது நல்லது.

இரண்டாவது, முடிந்தால் கொட்டையாக வாங்குங்கள். முழுக்கொட்டையில் சிக்கரியைக் கலந்து மறைக்க முடியாது. மணமும் தூளில் இருப்பதைவிட நீண்ட நாள் நிற்கும். நம்முடையது கடற்கரை ஈரக்காற்று. ஆகவே சிறிய அளவில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வேண்டும்போது அரைத்துக்கொள்ளுங்கள். தூள்தான் வசதி என்றால், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் அரை ஸ்பூன் தூவிப் பாருங்கள். காபித்தூள் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்தபடி அடியில் இறங்கும். கலப்பில்லாதது என்று விற்ற தூளில் இதைக் கண்டால், கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது, கொட்டை இல்லாத கடையில் கொட்டை வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், பத்துப் பேர் கேட்டால் வரவழைப்பார்.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. சிக்கரி விகிதத்தைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில், பெயருக்கு இணையான எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். கூட்டுறவு அங்காடிகளில் ஏற்காடு, தாண்டிக்குடி விவசாயிகளின் காபிக்கொட்டைக்கு ஒரு தட்டாவது ஒதுக்கலாம். நெல்லுக்கு உரிய விலை கேட்டுப் போராடும் நாம், இன்னொரு விவசாயியின் விளைபொருளை வாங்கும்போது அதே நியாயத்தோடு வாங்குவோம்.