மடிக்கணினிக்கு மெமரி: சரக்குப் பார்த்து வாங்குவோம்



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மளிகைக் கடை நடத்துவோருக்கு நாம் பல ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பி வருகிறோம். அங்கே வியாபாரம் கடலை நம்பியது. முகத்துவாரத்தை மணல் மூடினாலும், ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் வந்தாலும், படகு கடலுக்குப் போகாது. அன்று அரிசியும் எண்ணெயும் கடன்தான். அந்தக் கடன் கணக்கு சிட்டையிலிருந்து மடிக்கணினிக்கு மாறி வருகிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில்லும் அதிலேயே.

"புது மிஷின்தான் அண்ணாச்சி, ஆனா இழுக்குது. மெமரி போடணும்கிறாங்க. எவ்வளவு போடலாம்?" என்று கடைக்காரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நமது பதில் இதுதான்: மெமரியும் ஒரு சரக்கு. துவரம் பருப்பை எப்படித் தேவை பார்த்து, ரகம் பார்த்து, பில் கேட்டு வாங்குகிறோமோ, அப்படியே இதையும் வாங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்குவோம். ராம் என்னும் மெமரி, கடையின் முன் மேசை. எஸ்.எஸ்.டி. என்பது பின்னால் உள்ள குடோன். மேசை சிறியதானால் ஒவ்வொரு சாமானுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். மிஷின் இழுப்பது அதனால்தான். குடோனைப் பெரிதாக்கினால் மேசை அகலமாகாது. கணக்கு தங்குவது குடோனில். மிஷினை நிறுத்தியதும் மேசை காலியாகிவிடும்.

தேவையை அளப்பது எளிது. பில் சாப்ட்வேர், ஜி.எஸ்.டி. பக்கம், பேங்க் பக்கம் மூன்றையும் திறந்து வையுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். எப்போதும் நிறைந்தே நின்றால் மெமரி கூட்டுங்கள். பாதிதான் நிறைந்திருந்தால் குறை வேறெங்கோ; காசு பையிலேயே இருக்கட்டும். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் சொல்லும் குறைந்த அளவு 4 ஜி.பி. அது கடையைத் திறக்கத்தான் போதும். சிறு மளிகைக்கு 8 போதும். பல வேலை ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு 16 நல்லது என்பது நமது கருத்து.

அடுத்தது ரகம். மடிக்கணினிக்கான டி.டி.ஆர்.4 சிப் அட்டைக்கு 260 பின், டி.டி.ஆர்.5-க்கு 262. வெட்டு இருக்கும் இடமும் வேறு. ஒன்று மற்றதில் ஏறாது. நாமே ஒருமுறை 8 ஜி.பி. என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கி வந்து, பொருந்தாமல், மறுபடி பஸ் ஏறினோம். மெலிதான சில மாடல்களில் மெமரியைப் பலகையிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். பிறகு கூட்ட வழியில்லை. ஆகவே மிஷின் வாங்கும்போதே, "காலி ஸ்லாட் உண்டா?" என்று கேளுங்கள். வேறு கை திறந்தால் வாரண்டி நிற்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலை விஷயத்தில் இது மிளகு மாதிரி. உலகில் மெமரி சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று மண்டிகளிலிருந்தே வருகிறது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் சரக்கை அள்ளியதால் 2025-ன் பிற்பகுதியில் விலை கடுமையாக ஏறியது. ஏற்றத்தில் தேவைக்கு மேல் கட்டுவது வியாபாரமல்ல. ஒரு ஸ்லாட்டைக் காலியாக வைத்து, தேவை வந்தபின் கூட்டுவதே புத்தி. ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்கினால் தகுதியுள்ளோர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது முதல் வேலை, கடன் கணக்கைப் பென்டிரைவில் நகல் எடுப்பது. பிறகு மிஷினை முழுதாக நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுங்கள். உடம்பின் நிலைமின்சாரம் இறங்க ஓர் இரும்பைத் தொடுங்கள். அட்டையை ஓரத்தில் பிடித்துச் சாய்வாகச் செருகி, இருபக்கக் கொக்கியும் 'கிளிக்' என்று பிடிக்கும்வரை கீழே அழுத்துங்கள். நமது ஏரிக்கரையில் உப்புக் காற்று. மீன் தொட்ட ஈரக்கையால் பொன்னிறப் பற்களைத் தொடவே கூடாது.

"பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுங்க" என்பது விற்பவர் வாதம். அந்தக் கணக்கில் இருப்பது வெறும் எண்ணல்ல. கடலுக்குப் போகாத நாளில் ஒரு குப்பம் நம்மேல் வைத்த நம்பிக்கை. அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் நாமே.