கள்வியின் ஒன்பது அட்டைகள்

தலைப்பில் அச்சுப்பிழை இல்லை, அன்பர்களே. 'கல்வி' அல்ல, 'கள்வி'தான். தமிழ்ப் பேரவையின் ஆண்டிதழில் விளையாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். விடுதி வரவேற்பறையில் விடிய விடிய கேரம் ஆடியவர்கள்தாமே நீங்களும்! எங்கள் தலைமுறையின் மேசையில் இப்போது கூட்டுறவுப் பலகை விளையாட்டுகள் இருக்கின்றன. இவற்றில் நண்பர்கள் ஒருவரையொருவர் வெல்ல ஆடுவதில்லை. எல்லாரும் சேர்ந்து விளையாட்டையே வெல்ல வேண்டும். தோற்றால் எல்லாரும் தோற்க வேண்டும்.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, ஐசக் சில்ட்ரெஸ் உருவாக்கி 2017-இல் வெளிவந்த குளூம்ஹேவன். பெட்டியே ஏறத்தாழ பத்து கிலோ எடை. அதனுள் 95 களங்கள், 17 பாத்திரங்கள். ஒரு மாணவர் தனியாக வாங்கும் விலையன்று. பங்கு போட்டுத்தான் வாங்க முடியும். தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஆறு பாத்திரங்களுள் ஒருத்திதான் ஸ்கவுண்ட்ரல். எங்கள் மேசையில் அவளுக்குக் 'கள்வி' என்று பெயர்.

அவளை எடுக்கப் பலர் போட்டி போடுவார்கள். இருளில் மறைவாள், பாய்ந்து குத்துவாள், காசை அள்ளுவாள். ஆனால், அவளுக்கான அட்டைகளைப் பெரும்பாலோர் தவறான கேள்வியோடு தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே என் கருத்து. 'எது அதிகம் அடிக்கும்?' என்று கேட்கிறார்கள். 'என் நண்பர்கள் எங்கே நிற்பார்கள்?' என்றல்லவா கேட்க வேண்டும்!

காரணம் அவளுடைய அட்டைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 'ஃப்ளாங்கிங் ஸ்டிரைக்' என்னும் அட்டையில், எதிரியை ஒட்டி நம் தோழர் ஒருவர் நின்றால்தான் தாக்குதல் கூடும். 'சிங்கிள் அவுட்' அட்டையில், எதிரி தன் கூட்டத்தை விட்டுத் தனியாக நின்றால்தான் கூடும். இந்த நிபந்தனைகள் அமையாவிட்டால் அவள் குத்து சாதாரணக் குத்துதான். முதல் நிலையில் அவள் உயிர்ப்புள்ளி வெறும் 8. முன்னால் நின்று அடிவாங்கும் பிரூட்டுக்கு 10. ஆக, பார்ப்பதற்குத் தனியாளாகத் தோன்றும் இவள்தான் உண்மையில் மற்றவர்களை மிகவும் நம்பி வாழ்பவள்.

குழுவில் பிரூட் இருந்தால் அவர் எதிரியோடு ஒட்டி நிற்பார். அப்போது முதல் வகை அட்டைகள் பொன்னாகும். மாறாக, இருவர் மட்டும் ஆடும்போது மற்றவர் ஸ்பெல்வீவரை எடுத்திருந்தால்? அவர் தூரத்தில் நின்று மந்திரம் வீசுபவர். எதிரியின் பக்கத்திலேயே வரமாட்டார். அங்கே தோழரை நம்பிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போவது, பயணி வராத நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்திக் காத்திருப்பதைப் போன்றது. தனித்து நிற்கும் எதிரியைத் தேடும் அட்டைகளும், கண்ணில் படாமல் மறைய வைக்கும் அட்டைகளுமே அங்கு உதவும்.

அடுத்து, ஒருமுறை பயன்படுத்தினால் அந்தக் களம் முடியும்வரை இழந்துபோகும் அட்டைகள். இவற்றில்தான் பெரிய அடிகள் இருக்கின்றன. புதியவர்கள் மயங்குவதும் இங்கேதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கள்விக்குக் கையில் 9 அட்டைகள். சுற்றுக்கு இரண்டு போடவேண்டும். கை தீர்ந்ததும் ஓய்வெடுத்து, ஓர் அட்டையை இழந்துவிட்டு மற்றவற்றைத் திரும்பப் பெறலாம். குறுகிய ஓய்வு மட்டுமே எடுத்து இப்படியே தேய்ந்துகொண்டு போனால் மொத்தம் 20 சுற்றுகள் தாக்குப்பிடிக்கலாம். முதல் ஓய்வுக்கு முன்பே ஓர் இழப்பு அட்டையைப் போட்டுவிட்டால்? 16 சுற்றுகள்தாம். ஓர் ஆரவார அடிக்கு விலை நான்கு சுற்றுகள்! அதே அட்டையைக் கடைசிச் சுற்றில் போட்டால் இழப்பு எதுவுமில்லை. பாதிக் களத்தில் கள்வி களைத்து விழுந்துவிட, மீதி மூவர் இரண்டு மணி நேர உழைப்பைத் தோல்வியில் முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். விழுந்தவர் அந்நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். எரிச்சலூட்டும் காட்சி அது.

வேக எண்ணையும் மறக்கக்கூடாது. சிறிய எண் முந்தும். பெரிய எண் பிந்தும். ஒரு சுற்றில் எல்லாருக்கும் கடைசியாக வந்து குத்திவிட்டு, அடுத்த சுற்றில் எல்லாருக்கும் முதலாகக் குத்தி விலகினால், எதிரி கை ஓங்குவதற்குள் இரண்டு அடி விழுந்துவிடும். இதற்கு மிக வேகமான அட்டையும் வேண்டும், மிக மெதுவானதும் வேண்டும். நடுவேக அட்டைகளால் கையை நிரப்பிய கள்வி எதற்கும் உதவமாட்டாள்.

இங்கே விதி ஒன்று குறுக்கிடுகிறது. நம் அட்டையின் எண்ணை மற்றவருக்குச் சொல்லக்கூடாது. அட்டையைக் காட்டவும் கூடாது. ஒருவரே நால்வருக்கும் ஆணையிடும் கெட்ட பழக்கத்துக்கு இது நல்ல கடிவாளம். எனவே பேச்சால்தான் உணர்த்த வேண்டும். 'நான் முந்திக்கிறேன்', 'ஆற அமர வரேன்', 'அண்ணே, அந்தக் கதவோரம் கொஞ்சம் நின்னுக்குங்க'. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசிப் பழகிய என் போன்றோருக்கு, நேரத்தைக் குறிக்க இத்தனை தமிழ்ச் சொற்கள் நாவில் இருந்தன என்பதே இந்த மேசையில்தான் தெரிந்தது.

காசு விவகாரத்துக்கு வருவோம். இந்த விளையாட்டில் காசையோ பொருளையோ தோழருக்குக் கொடுக்க முடியாது. பிரூட் அடிவாங்கி வீழ்த்திய எதிரியின் காசைக் கள்வி அள்ளினால் அது அவளுக்கு மட்டுமே. 'நான் நல்ல ஆயுதம் வாங்கினால் குழுவுக்குத்தானே இலாபம்' என்று வாதிடுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, மருந்துக்குக்கூடக் காசில்லாமல் அடுத்த களத்துக்கு வரும் பிரூட். அள்ளும் அட்டை ஒன்று போதும் என்பது என் கட்சி. இரண்டு வைத்துக்கொள்பவரோடு நட்பு பாராட்டலாம், விளையாட வேண்டாம்.

மிகக் கடினமான தேர்வு நிலை உயரும்போதுதான் வருகிறது. ஒன்பதாம் நிலை வரை உயரலாம், ஒவ்வொரு முறையும் புதிய அட்டை கிடைக்கும். ஆனால் கையில் எடுத்துச் செல்வது என்றைக்கும் ஒன்பதுதான். ஒன்று உள்ளே வர ஒன்று வெளியே போக வேண்டும். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? எஸ்.பி.எம். தேர்வுக்கு 2010 முதல் பத்துப் பாடங்கள்தாம் என்று அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும்தான் வெளியே போகும் என்று நம் சமுதாயம் குரல் கொடுத்தது. பிறகே பன்னிரண்டுக்கு இடம் கிடைத்தது. வரம்பு வந்தால் முதலில் கழிவது பளபளப்பில்லாத அட்டைதான். விளையாட்டிலும் அப்படியே நடக்கிறது. உயர்நிலை அட்டையின் பெரிய எண்ணைக் கண்டதும் முதல் நிலையின் எளிய நகர்வு அட்டையைத் தூக்கி எறிகிறார்கள். எறிந்த பிறகு, அடிக்கக் கை இருக்கிறது, எதிரியிடம் போகக் கால் இல்லை!

நான் ஆடும்போது ஏழு அட்டைகளை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். எட்டாவதையும் ஒன்பதாவதையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பிரூட்டை எடுத்திருக்கும் நண்பரிடம், 'இன்னிக்கு முன்னாடியா, கதவுகிட்டயா?' என்று கேட்பேன். அவர் சொன்ன பிறகுதான் அவ்விரண்டும் முடிவாகும்.