கிடங்கிலிருந்து வகுப்பறைக்கு...

"சப்ளை செயின் மேனேஜ்மென்ட் என்றால் லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புவதுதானே?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது மட்டுமல்ல. மூலப்பொருள் வாங்குவது முதல் உற்பத்தி, கிடங்கு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை வழியாகப் பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும் வரை எல்லாம் இதில் அடக்கம். சரி, இதை யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? கிடங்கில் நின்றவரா, பிஎச்.டி. முடித்தவரா?

ஜே ஃபாரஸ்டரை எடுத்துக் கொள்ளுங்கள். அவர் ஒரு மின் பொறியாளர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'விர்ல்விண்ட்' என்ற கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1956-ல் அங்கேயே நிர்வாகவியல் பள்ளியில் பேராசிரியர் ஆனார். அந்தக் காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு ஒரு தலைவலி. கென்டக்கியில் இருந்த அதன் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் சில சமயம் மூன்று, நான்கு ஷிப்ட் வேலை நடக்கும். சில வருடங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும். பழியெல்லாம் மார்க்கெட் மேல்தான்.

ஃபாரஸ்டர் சரக்கிருப்பு, ஆர்டர், ஆட்கள் எண்ணிக்கை மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் ஒரே அளவாக இருந்தாலும், கம்பெனி எடுக்கும் முடிவுகளே இந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது! இதைத் தொடர்ந்து 1958-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் கட்டுரையும், 1961-ல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' என்ற புத்தகமும் வந்தன. கடையில் தோன்றும் சிறு மாற்றம் ஆலையை எட்டும்போது பல மடங்காகிவிடுவதை இன்று 'புல்விப் எஃபெக்ட்' என்கிறோம். அந்தப் பாடத்துக்கு இதுதான் அடித்தளம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆலை அதிகாரிகளுக்கு அனுபவம் இல்லாமலா இருந்தது? நிறையவே இருந்தது. ஆனால் உட்கார்ந்து ஆராய நேரமில்லை. பல்கலைக்கழகத்தில் நேரம் இருந்தது, ஆனால் கேள்வி ஆலையிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் விடை கிடைத்தது.

இந்தியாவில் 2022-ல் யு.ஜி.சி. 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற திட்டத்தைக் கொண்டு வந்தது. 15 வருட அனுபவம் உள்ளவர்கள் பிஎச்.டி. இல்லாமலே கற்பிக்கலாம். நல்ல முடிவு, வரவேற்கலாம். ஆனால் அதிகபட்சம் மூன்று வருடம், விதிவிலக்காக இன்னும் ஒரு வருடம், அவ்வளவுதான். இது விருந்தாளிக்குப் போடும் இலை! நான்கு வருடத்தில் ஒருவர் தன் அனுபவக் கதைகளைச் சொல்லி முடித்துவிடலாம். அதை ஆராய்ந்து பாடமாக்க அது போதுமா?

பி.காம். மாணவன் இ.ஓ.கியூ. சூத்திரத்தில் எண்களைப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். ஆனால் தீபாவளிக்கு முன் கடைக்காரர் ஏன் தேவைக்கு மேல் ஆர்டர் கொடுக்கிறார் என்று கேட்டால் விழிப்பான். அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்கக் கூடியவர் வந்தால், அவரை நிரந்தரமாக வைத்துக் கொள்ள விதிகள் இடம் தர வேண்டும்.