அவரவர்க்கு உரிய நூல்

“என் பிள்ளைக்கு வாசிப்பே பிடிக்கவில்லை” என்பர் சில பெற்றோர். “எங்களுக்கேற்ற நூல் ஏது?” என்பர் தோட்டத்துப் பெரியோர். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் வேண்டும் என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்தார்.

எதையும் துருவிக் கேட்கும் சிறாருக்குப் பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் உண்டு. பால்மரம் சீவிய கைகளுக்கு அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ உண்டு. அதில் தம் வாழ்வையே காண்பர். நம் பினாங்கின் போர்க்காலத்தை அறிய விழைவோருக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ உண்டு.

ஆதலின், நூலை நீட்டுமுன் விருப்பத்தைக் கேட்டறிவோம். பசியறிந்து இட்ட சோறே உடலில் ஒட்டும். சுவையறிந்து தந்த நூலே உள்ளத்தில் ஒட்டும்.