கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." "அவன் அப்பாவே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்." இரண்டு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத குழந்தை இருக்கும் வீட்டில் கேட்கிற ஆறுதல்கள் இவை. சொல்பவர்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. அதைக் குழந்தைதான் கொடுக்கிறது.

தாமதமாகப் பேசும் குழந்தைகள் எல்லோருக்கும் குறைபாடு இருக்கும் என்பதில்லை. பலர் தாமாகவே தேறிவிடுவார்கள். ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது பாட்டிக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தெரியாது. சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் நஷ்டம் ஒரு நாள். பார்க்காமல் விட்டு ஏதாவது இருந்துவிட்டால்?

காது கேளாமையை எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்ற குழந்தைகளைப் போலவே சிரிக்கும், குரல் எழுப்பும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு கருவியை வைத்து, சில நிமிடங்களில், வலியே இல்லாமல் சோதிக்கலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பேச்சு மொழியோ சைகை மொழியோ, மூளை அதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்வது முதல் சில வருடங்களில்தான். சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பேச்சு கற்றுக்கொடுத்து சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அங்கே அம்மாவுக்கும் சேர்த்துத்தான் பாடம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது கூட்டு வட்டிக் கணக்கு. சீக்கிரம் போட்ட சின்னத் தொகை, தாமதமாகப் போட்ட பெரிய தொகையை ஜெயித்துவிடும். 2000-ல் பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், ஏழைக் குழந்தைகளின் ஆரம்ப வருடங்களுக்குச் செலவிடுவது பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்.

"இவ்வளவு சின்ன வயசில் முத்திரை குத்தலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் பயிற்சி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை. குழந்தை உட்காரத் தாமதமானால் உட்காரப் பழக்கலாம், பேசத் தாமதமானால் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். பெயர் பிறகு வரட்டும்.

அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் பிறந்த நாளிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்கச் சொல்கிறது. மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 6 வயதிலிருந்துதான் கணக்கிடுகிறது. அதற்கு முந்தைய, மிக முக்கியமான வருடங்களில், தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாரம் இரண்டு முறை மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற முடியுமா? இரண்டு நாள் கூலி போகும். நாலாவது வாரம் நின்றுவிடுவாள். பழி மட்டும் அவள்மேல்.

பயிற்சிதான் வீட்டைத் தேடி வர வேண்டும். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்புகிறது. இது ஊர்தோறும் நடக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் இடமும் தயாராகவே இருக்கிறது. 6, 10, 14 வாரங்களிலும், 9 மாதத்திலும், ஒன்றரை வயதுவாக்கிலும் தடுப்பூசிக்குக் குழந்தை எப்படியும் வருகிறது. கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டையிலேயே வளர்ச்சிப் படிகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. முகம் பார்த்துச் சிரிக்கிறதா? ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்புகிறதா? பேசிய வார்த்தைகளை மறந்துவிட்டதா? ஊசி போடும் அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைக் கேட்பதைக் கட்டாயமாக்கினால் போதும், எத்தனையோ குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வருடங்கள் மிச்சமாகும்.